கோப்பைப் படிக்கும் வினவல் எங்கே தடுக்கி விழுகிறது

வட்டில் கிடக்கும் கோப்பு வெறும் பைட்டுகளின் தொடர்தான். ஒரு நிரல் அதைத் திறந்து படிக்கிறது. படித்த பைட்டுகளை எழுத்துகளாகப் பொருள்கொள்கிறது. அந்த எழுத்துகளை எஸ்கியூஎல் வினவலோடு சேர்த்துத் தரவுத்தள சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் வினவலைப் பகுத்துப் பார்த்து, உரிய மதிப்பை அட்டவணையில் எழுதுகிறது. இந்த வழியில் எங்கே கோளாறு நேர்ந்தாலும் திரையில் வந்து நிற்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தின் புகார்தான்: வினவலில் பிழை. அதை நம்பி வினவலையே திரும்பத் திரும்பத் திருத்துவதில்தான் பலருடைய நேரம் கரைகிறது. கோளாறு பிறந்த இடம் கோப்பின் அனுமதியாக இருக்கலாம், எழுத்துக் குறியேற்றமாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுடிவுக் குறியாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் அதிகமாக எதிர்ப்படுவது மேற்கோள் குறிச் சிக்கல். எஸ்கியூஎல் மொழி 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவானது. உரை மதிப்புகளை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவது அதன் வழக்கம். பழைய இதழ்க் கட்டுரைகளைக் கோப்புக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் நூலகம் ஒன்று அவற்றைத் தரவுத்தளத்துக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்ளலாம். நிரல் ஒவ்வொரு கோப்பையும் படித்து, வினவலின் நடுவே இரண்டு மேற்கோள் குறிகளுக்கிடையில் ஒட்டி அனுப்புகிறது. முதல் நூறு கட்டுரைகள் ஒழுங்காகச் சேர்கின்றன. நூற்றியோராவது கட்டுரையில் ‘திரு.வி.க. நடத்திய 'தேசபக்தன்' நாளிதழ்’ என்றொரு தொடர் வருகிறது. தேசபக்தனுக்கு முன்னால் உள்ள குறியைக் கண்டதும் சர்வர் உரை அங்கேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வரும் ‘தேசபக்தன்’ அதன் பார்வையில் ஒரு கட்டளைச் சொல். அப்படியொரு கட்டளை இல்லை என்பதால் வினவல் நின்றுவிடுகிறது.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இந்த இடத்தில் 1064 என்ற எண்ணுள்ள பிழையைத் தருகிறது. செய்தியின் இறுதியில், எந்தச் சொற்களுக்கு அருகில் தடுமாறியது என்று வினவலின் ஒரு துண்டையும் காட்டுகிறது. அந்தத் துண்டு தொடங்குவது சர்வரால் புரிந்துகொள்ள முடியாமல் போன முதல் சொல்லிலிருந்து. ஆகவே குற்றவாளி அந்தத் துண்டுக்குள் இருப்பதைவிட, அதற்குச் சற்று முன்னால் இருக்கவே வாய்ப்பு அதிகம். துண்டு கோப்பிலுள்ள உரைநடையாகவே இருந்தால் காரணம் மேற்கோள் குறிதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இதே கட்டுரையைச் சொற்செயலி ஒன்றில் தட்டச்சு செய்திருந்தால் பிழை வராமலும் போகும். சொற்செயலிகள் நேரான குறியைத் தாமாகவே வளைந்த குறியாக மாற்றிவிடுகின்றன. யூனிகோடில் வளைந்த குறி வேறொரு எழுத்து. எஸ்கியூஎல் அதை உரையின் எல்லையாகக் கொள்வதில்லை. நோட்பேடில் அடித்த கோப்பு விழுவதும் சொற்செயலியில் அடித்த கோப்பு தேறுவதும் இதனால்தான். இரட்டை மேற்கோளுக்குப் பதிலாக ஒற்றைக் குறியை இருமுறை தட்டும் பழக்கம் இன்னும் வம்பானது. எஸ்கியூஎல் விதிப்படி உரைக்குள் அடுத்தடுத்து வரும் இரண்டு ஒற்றைக் குறிகள் ஒரே குறியாகச் சேமிக்கப்படும். பிழை எதுவும் தோன்றாது. சேமித்த கட்டுரை மட்டும் மூலத்திலிருந்து மாறியிருக்கும். பின்சாய்வுக் கோட்டுக்கும் இந்தத் தன்மை உண்டு. மைஎஸ்கியூஎல் அதை விடுபடு குறியாகக் கொள்கிறது: பின்சாய்வுக்குப் பிறகு ஆங்கில ‘என்’ வந்தால் புதுவரி, ‘டி’ வந்தால் தத்தல் இடைவெளி. விண்டோஸ் கோப்புப் பாதைகளை வினவலில் அப்படியே எழுதும்போது ‘கோப்பு இல்லை’ என்று வரும் புகார்களில் கணிசமானவை இப்படிப் பிறந்தவைதான். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து, பின்சாய்வைச் சாதாரண எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது.

உரையில் உள்ள ஒவ்வொரு குறியையும் தேடிப்பிடித்து இரட்டிப்பாக்குவது ஒரு தீர்வு; ஆனால் அது உடைந்த இடத்தில் ஒட்டுப்போடும் வேலை. பிஎச்பி மொழி இதைத் தானாகவே செய்து பார்த்தது. ‘மேஜிக் கோட்ஸ்’ என்ற அமைப்பு, படிவத்திலிருந்து வரும் உரையிலுள்ள மேற்கோள்களுக்கு முன்னால் பின்சாய்வைச் சேர்த்தது. கோப்பிலிருந்து படிக்கும் உரைக்கும் அதே வேலையைச் செய்ய ஒரு துணை அமைப்பு இருந்தது. விளைவாகத் தேவையில்லாத இடங்களிலும் பின்சாய்வுகள் முளைத்தன, சில உரைகளில் இரண்டு மூன்று அடுக்காக. 2012இல் வந்த 5.4 பதிப்பில் அந்த ஏற்பாடே நீக்கப்பட்டது. குறியேற்றம் தெரியாமல் பின்சாய்வு சேர்ப்பதில் பாதுகாப்பும் இல்லை. ஜப்பானிய ஷிஃப்ட்-ஜிஸ், சீன ஜிபிகே குறியேற்றங்களில் ஓர் எழுத்தின் இரண்டாவது பைட்டே பின்சாய்வின் எண்ணான 92 ஆக அமையலாம். அங்கே சேர்க்கும் குறி முன்னெழுத்தோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகும்.

சரியான வழி, வினவலையும் கோப்பின் உள்ளடக்கத்தையும் கலக்காமலேயே அனுப்புவது. மதிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்து வினவல் முதலில் போகிறது. சர்வர் அதைப் பகுத்து, என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறது. பிறகுதான் கோப்பின் உள்ளடக்கம் அளவுருவாகத் தனியே வருகிறது. தபால் நிலையத்தில் அச்சடித்த படிவமும் அதில் நிரப்பும் விவரமும் வேறுவேறாக இருப்பதைப் போன்றது இது; கட்டத்துக்குள் என்ன எழுதினாலும் படிவத்தின் அச்சு மாறுவதில்லை. சில இணைப்பு நூலகங்கள் உண்மையில் தனியே அனுப்பாமல், தாங்களே குறிகளைச் சரிசெய்து வினவலில் பொருத்துகின்றன. இணைப்பின் குறியேற்றம் முறையாக அறிவிக்கப்பட்டிருந்தால் அதுவும் நம்பகமானதே.

இந்த ஒழுங்கு பிழையைத் தவிர்ப்பதற்காக மட்டும் அல்ல. உள்ளடக்கம் கட்டளையாக மாற இடம் கொடுத்தால், கோப்பை எழுதியவர் விரும்பும் கட்டளையைச் சர்வர் நிறைவேற்றும். எஸ்கியூஎல் ஊடுருவல் எனப்படும் அந்தத் தாக்குதலை ஜெஃப் ஃபாரிஸ்டல் 1998 டிசம்பரில் ‘ஃபிராக்’ இதழில் புனைபெயரில் விளக்கினார். தேசபக்தன் கட்டுரையில் வினவலை உடைத்ததும், திருடர்கள் பயன்படுத்துவதும் ஒரே ஓட்டைதான். மேற்கோள் குறியால் வினவல் உடைவதைக் கண்டவர் அதை எழுத்துப்பிழையாக நினைத்து ஒதுக்கக் கூடாது. அது திறந்து கிடக்கும் கதவு.

சில சமயம் நிரல் கோப்பைத் தொடுவதே இல்லை. கோப்பின் பாதையை மட்டும் வினவலில் கொடுத்து, படிக்கும் பொறுப்பைச் சர்வரிடமே விட்டுவிடுகிறது. மைஎஸ்கியூஎலின் ‘லோட் ஃபைல்’ செயற்கூறும் ‘லோட் டேட்டா’ கட்டளையும், போஸ்ட்கிரெஸின் ‘காப்பி’ கட்டளையும் இந்த வகை. இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: படிப்பது யார்? கட்டளையைத் தட்டியவர் அல்ல. சர்வர் ஓடும் கணினியில், சர்வரின் கணக்குப் பெயரில், அந்த மென்பொருளே கோப்பைத் திறக்கிறது. மேசைக் கணினியில் இருக்கும் கோப்பு தொலைவிலுள்ள சர்வருக்குத் தெரியாது. ஒரே கணினியாக இருந்தாலும், பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் நுழையச் சர்வரின் கணக்குக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது; பாதையில் உள்ள ஒவ்வொரு மேல் கோப்புறையையும் கடக்கும் உரிமையும் வேண்டும். அதற்குமேல் உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற காவல் அடுக்கு, எந்தக் கோப்புறைகளை மைஎஸ்கியூஎல் தொடலாம் என்று தனியாக வரையறுக்கிறது. அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் 13 என்ற இயக்குதள எண் வந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும். 13 என்றால் அனுமதி மறுப்பு. 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை. பிழைச் செய்தியின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் இந்த எண் பல நேரம் செய்தி முழுவதையும்விட அதிகம் சொல்லும்.

போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது. கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொல்வதோடு, படிப்பது சர்வர்தான் என்பதை நினைவூட்டி, பயனர் பக்கத்திலிருந்தே கோப்பை அனுப்பும் மாற்றுக் கட்டளையையும் பரிந்துரைக்கிறது. மைஎஸ்கியூஎலில் ‘செக்யூர் ஃபைல் பிரிவ்’ என்ற அமைப்பு குறிப்பிட்ட ஒரு கோப்புறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ‘லோட் டேட்டா’ அதை மீறினால் 1290 பிழை வரும். பயனர் பக்கக் கோப்பை அனுப்பும் ‘லோக்கல்’ வசதி 8.0 பதிப்பிலிருந்து இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது. இரு பக்கமும் திறந்தால்தான் அது செயல்படும். இந்தத் தடைகள் எரிச்சல் தருபவை. ஆனால் இவை இல்லையென்றால், தரவுத்தளக் கணக்கு ஒன்றைக் கைப்பற்றியவர் சர்வரில் உள்ள கடவுச்சொல் கோப்புகளையும் ஒரு வினவலால் வாசித்துவிட முடியும். எனவே அமைப்பைத் தளர்த்துவதைவிட, கோப்பை அனுமதிக்கப்பட்ட கோப்புறைக்குக் கொண்டுபோவதே முறை.

‘லோட் ஃபைல்’ செயற்கூறுதான் மிக அதிகமாகக் குழப்புவது. கோப்பு இல்லாவிட்டாலும், அனுமதி இல்லாவிட்டாலும், பாதை முழுமையாக இல்லாவிட்டாலும், அளவு மிஞ்சினாலும் அது பிழை எதையும் எழுப்புவதில்லை. ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டு அமைதியாகிவிடும். அட்டவணை வெற்று மதிப்பை ஏற்கும் என்றால் வினவல் வெற்றி என்ற செய்தியோடு உள்ளடக்கம் இல்லாத வரிசை ஒன்று சேர்ந்துவிடும். ஏற்காது என்றால், நெடுவரிசை காலியாக இருக்கக் கூடாது என்று 1048 பிழை வரும். அட்டவணை வடிவமைப்பில் தவறு இருப்பதாக அது தோற்றம் காட்டும். உண்மையில் கோப்பே திறக்கப்படவில்லை. செயற்கூறை மட்டும் தனியே ஒரு தேர்வு வினவலில் இயக்கிப் பார்த்தால் இது நொடியில் வெளிப்படும்.

கோப்பு திறந்தது, மேற்கோளும் உடையவில்லை. அடுத்து வருவது குறியேற்றம். தமிழ் உரையைக் கையாள்பவர்கள் மிகவும் அவதிப்பட்ட இடம் இதுவே.

யூடிஎஃப்-8 முறையை கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் வகுத்தார்கள். அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். அன்றாடத் தமிழில் வரும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ‘அ’ என்பது 224, 174, 133. ‘அம்மா’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்துகள். கணினிக்கு அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என ஐந்து குறியீடுகள், பதினைந்து பைட்டுகள். இந்தப் பைட்டுகளை மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமாக நினைத்து வாசித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று அன்னிய எழுத்துகளாகச் சிதறும். தலைக்கோடிட்ட ஆங்கில ‘ஏ’யும், அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் மீண்டும் மீண்டும் தோன்றும் அந்தக் குப்பையைத் தமிழில் இணையத்தளம் நடத்திய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இணை தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. கோப்பு நல்ல யூடிஎஃப்-8; வாசித்த பக்கம்தான் தவறாக எடுத்துக்கொண்டது.

மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்புக்கு முன்பு வரை இயல்பான குறியேற்றமாக மேற்கு ஐரோப்பிய முறையையே வைத்திருந்தது. இணைப்பு தொடங்கும்போது குறியேற்றத்தை அறிவிக்க மறந்த நிரல்களின் வழியாகச் சென்ற தமிழ், இரட்டைக் குறியேற்றமாக உள்ளே பதிந்தது. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நிகழ்வதால் திரையில் தமிழ் சரியாகவே தெரியும். வேறொரு நிரல் அதே அட்டவணையைப் படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கண்டுபிடிப்பது எளிது. மைஎஸ்கியூஎலில் எழுத்துகளை எண்ணும் செயற்கூறு ‘அம்மா’வுக்கு 5 என்று சொன்னால் நலம். 15 என்று சொன்னால் இரட்டைக் குறியேற்றம். நெடுவரிசையை முதலில் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்துக்கும், அடுத்துப் பைனரியாகவும் மாற்றி, பிறகு சரியான குறியேற்றமாக அறிவித்து மீட்டுவிடலாம். ஆனால் நகலில் சோதிக்காமல் மூல அட்டவணையில் அதைச் செய்யக் கூடாது.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் வேறு ரகம். இணையம் பரவிய தொடக்க ஆண்டுகளில் டிஸ்கி குறியேற்றமும், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேப், டேம் குறியேற்றங்களும், இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய பாமினி எழுத்துருவும் புழங்கின. டிஸ்கியும் டேப்பும் 127க்கு மேற்பட்ட எண்களில் தமிழை வைத்தவை. அவற்றை யூடிஎஃப்-8 என்று சொல்லி அனுப்பினால், செல்லாத பைட் தொடர் என்று போஸ்ட்கிரெஸ் உடனே நிறுத்திவிடும். அது நல்ல செய்தி. பாமினி பெரும்பாலும் ஆங்கில விசைகளின் எண்களிலேயே தமிழை வரைவது. எந்தத் தரவுத்தளமும் அதைச் சந்தேகிக்காது. பிழையே இல்லாமல் ஏறிவிடும். பிறகு தமிழில் எதைத் தேடினாலும் கிடைக்காது. பழைய இதழ்க் கோப்புகளை ஏற்றும் திட்டம் எதுவானாலும், எந்த எழுத்துருவில் அடித்தவை என்பதை ஏற்றுவதற்கு முன்பே கேட்டறிந்து மாற்றிக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

மைஎஸ்கியூஎலில் இன்னொரு பள்ளம் உண்டு. ‘யூடிஎஃப்8’ என்று அது பல ஆண்டுகள் அழைத்த குறியேற்றம் எழுத்துக்கு மூன்று பைட்டுகளுக்கு மேல் ஏற்காத அரைகுறை வடிவம். 2010இல் 5.5 பதிப்போடு வந்த ‘யூடிஎஃப்8எம்பி4’தான் முழுமையானது. மூன்று பைட் தமிழுக்குப் பழையது போதும் என்று தோன்றலாம். ஆனால் முந்திரி, காணி, மா போன்ற தமிழ்ப் பின்னங்களுக்கான குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் இடம்பெற்றபோது அவற்றுக்கு நான்கு பைட் இடமே கிடைத்தது. நிலக்கணக்கு ஓலையின் பெயர்ப்பு ஒன்றைப் பழைய குறியேற்றத்தில் சேர்த்தால் 1366 பிழை வரும். செல்லாத மதிப்புகளை மறுக்கும் கண்டிப்பு நிலை இயல்பாக்கப்பட்ட 5.7க்கு முன்பு அதுவும் வராது; அந்தக் குறி வந்த இடத்தோடு உரை வெட்டுப்பட்டு, வெறும் எச்சரிக்கை ஒன்று பதிவாகும்.

எக்செல் வழியாக வரும் சிஎஸ்வி கோப்புகளில் மூன்று சிறு கண்ணிகள். சாதாரண சிஎஸ்வி வடிவில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அதற்கு மீட்சி இல்லை. யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று மறைவான பைட்டுகள் ஒட்டிக்கொள்ளும். முதல் நெடுவரிசையின் பெயர் பார்வைக்குச் சரியாக இருந்தும், ‘அந்தப் பெயரில் நெடுவரிசை இல்லை’ என்று பிழை வரும். வரிமுடிவில் விண்டோஸ் 13, 10 என இரண்டு பைட்டுகளை வைக்க, லினக்ஸ் 10ஐ மட்டுமே வைக்கிறது. எஞ்சும் 13 கடைசி நெடுவரிசையில் தங்கி, எண்ணாக இருக்க வேண்டியதை எண்ணல்லாததாக்கும். உரையாக இருந்தால் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டு பின்னாளில் ஒப்பீடுகளைத் தோற்கடிக்கும். உரைத் திருத்தி இவற்றைக் காட்டாது. பைட்டுகளை எண்களாகக் காட்டும் கருவி ஒன்றில் கோப்பின் முதல் இருபது பைட்டுகளைப் பார்ப்பதே போதும்.

அளவும் பிழை தரும். மைஎஸ்கியூஎலின் ‘டெக்ஸ்ட்’ வகை 65,535 பைட்டுகளை ஏற்கும். தமிழில் அது 21,845 குறியீடுகள்தான். ஆங்கிலத்தில் தாராளமாகக் கொள்ளும் நெடுவரிசை, அதே நீளத் தமிழ்க் கட்டுரைக்கு 1406 பிழை தருவதன் காரணம் இது. ‘மீடியம்டெக்ஸ்ட்’ 1.6 கோடி பைட்டுகளுக்கு மேல் கொள்ளும். ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்துக்கும் உச்ச அளவு உண்டு: 5.7 பதிப்பில் இயல்பாக 4 மெகாபைட், 8.0இல் 64. அதை மீறினால் 1153 வரலாம். அல்லது ‘சர்வர் போய்விட்டது’ என்று இணைப்பே அறுந்து, வலைப்பின்னலைச் சந்தேகிக்க வைக்கலாம். சிறிய கோப்பு போகிறது, பெரியது போகவில்லை என்றால் வலைப்பின்னலைத் தோண்டுவது வீண்.

பத்து லட்சம் வரிகள் கொண்ட கோப்பில் ஒரே ஒரு வரி கெட்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. பிழைச் செய்தி வரி எண்ணைச் சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் மூடாத இரட்டை மேற்கோள் ஒன்று இருந்தால், சிஎஸ்வி விதிப்படி அதன் பிறகு வருபவை எல்லாம் ஒரே புலத்துக்குள் விழுங்கப்பட்டு, கோப்பின் இறுதியில்தான் புகார் எழும், எண் உதவாது. அப்போது கோப்பைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதி விழுகிறதென்று பார்த்து, அதை மீண்டும் பாதியாக்க வேண்டும். இருபது வெட்டுக்குள் பத்து லட்சம் வரிகள் ஒரு வரியாகச் சுருங்கும். சோதனை ஏற்றங்களை, எல்லா நெடுவரிசைகளும் உரை வகையாக உள்ள தற்காலிக அட்டவணையில் செய்வது நல்லது. தேதியும் எண்ணும் அங்கே தடுக்காமல் உள்ளே வரும். பிறகு வினவலாலேயே பொருந்தாதவற்றைப் பொறுக்கி எடுக்கலாம். மைஎஸ்கியூஎலில் இன்னோடிபி அட்டவணையில் பரிவர்த்தனைக்குள் ஏற்றினால் பாதியில் நின்றதைத் திரும்பப் பெறலாம். பழைய மைஐசாம் அட்டவணையில் பாதி வரிசைகள் உள்ளே தங்கிவிடும், மறுமுறை ஏற்றும்போது இரட்டிக்கும்.

பிழையின்றி முடிந்த ஏற்றத்தையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். கோப்பின் பதிவுகளும் அட்டவணையின் வரிசைகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போகின்றனவா, உள்ளடக்க நெடுவரிசையில் வெற்று மதிப்பு எத்தனை, கேள்விக்குறிகள் மட்டுமே நிறைந்த வரிசைகள் உண்டா, ஒவ்வொரு கட்டுரையின் பைட் நீளமும் வட்டிலுள்ள கோப்பின் நீளத்தோடு ஒன்றுகிறதா என்ற சோதனைகள் சில வினவல்களில் முடிந்துவிடும். நீளம் ஒன்றாத வரிசைகளின் கோப்புப் பெயர்களைத் தனியே எடுத்து, அவற்றை மட்டும் மீண்டும் ஏற்றினால் போதும்.